பெயரை எண்ணிப் பெருமை பேசலாமா?

சென்னையிலிருந்து பூந்தமல்லி போகும் பெரிய சாலையில், மதுரவாயலைத் தாண்டினால் வேலப்பன்சாவடி. திருவேற்காடு கருமாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர். அங்கே சவீதா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

2023-ம் ஆண்டு ஜூன் மாதம், இந்தக் கல்லூரியைப் பற்றி அமெரிக்காவில் ஒரு பெரிய செய்தி வெளிவந்தது. வெளியிட்டது "சயின்ஸ்" பத்திரிகை. அது சாமானியமான பத்திரிகை அல்ல. 1880-ம் ஆண்டில் தொடங்கியது. விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரை அதில் வராதா என்று ஏங்குவார்கள். விஞ்ஞானக் கட்டுரைகளில் நடக்கும் தவறுகளைக் கண்காணிக்கும் "ரிட்ராக்ஷன் வாட்ச்" என்ற அமைப்புடன் சேர்ந்து விசாரித்து, அது இந்தச் செய்தியைப் போட்டது.

செய்தி என்ன?

அந்தக் கல்லூரியில் ஆண்டுதோறும் ஒரு பரீட்சை நடக்கிறது. பட்டப் படிப்பு மாணவர்கள் சுமார் 500 பேர் உட்காருகிறார்கள். 4 மணி நேரம். ஒவ்வொருவரும் தாம் செய்த ஆராய்ச்சியைப் பற்றி 1,500 வார்த்தைகளில் ஒரு கட்டுரை எழுதவேண்டும். பிறகு ஆசிரியர்களும் மாணவர்களும் அதைத் திருத்துகிறார்கள். அதன் பின், "இன்னார் இன்ன கட்டுரையில் சொன்னது" என்று பழைய கட்டுரைகளின் பெயர்கள் சேர்க்கப்படுகின்றன. இதற்குக் கம்ப்யூட்டர் உதவி செய்கிறது. பல கட்டுரைகள் பத்திரிகைகளுக்குப் போய் அச்சாகின்றன.

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தக் கல்லூரியின் பெயரில் வெளிவந்தவை 1,400-க்கும் மேல்!

மாணவர்கள் எழுதட்டுமே, அதில் என்ன தப்பு என்று கேட்கலாம். எழுதுவதில் தப்பே இல்லை. செய்ததைச் செய்தபடி எழுதப் பழகுவது நல்ல பயிற்சி. "சயின்ஸ்" விரலை நீட்டியது வேறு இடத்தில். கடைசியில் சேர்க்கப்பட்ட பெயர்களில், அதே கல்லூரி ஆசிரியர்களின் கட்டுரைகள் திரும்பத் திரும்ப வந்தன. எழுதிய விஷயத்துக்குச் சம்பந்தமே இல்லாத கட்டுரைகள் கூட வந்தன. அதனால் கல்லூரியின் மதிப்பு உயர்ந்து விட்டதாகத் தோன்றுகிறது என்று அந்தப் பத்திரிகை எழுதியது.

இது ஒரு பத்திரிகையின் விசாரணை. நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. அதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. கட்டுரையின் கடைசியில் யார் பெயரைப் போட்டால் என்ன? பெயர் சேர்ந்தால் கல்லூரி எப்படி உயரும்?

மொய் நோட்டு

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர், தமக்கு முன்னே யார் யார் என்னென்ன கண்டுபிடித்தார்கள் என்று சொல்லித்தான் தொடங்குவார். அவர்களின் பெயர்களைக் கடைசியில் பட்டியலாகப் போடுவார். இதற்கு மேற்கோள் என்று பெயர்.

ஒரு கட்டுரையை 100 பேர் மேற்கோள் காட்டினால், 100 பேருக்கு அது பயன்பட்டது என்று கணக்கு. ஒருவருமே காட்டவில்லை என்றால், அதை யாரும் சீந்தவில்லை என்று கணக்கு. பல விஞ்ஞானிகளின் வேலையும், பதவி உயர்வும் இன்று இந்தக் கணக்கைப் பொறுத்து இருக்கின்றன.

கல்லூரிகளுக்கும் அப்படியே. மத்திய அரசு 2016 முதல் கல்வி நிலையங்களுக்கு இடம் போட்டு ஒரு தேசியத் தரவரிசைப் பட்டியல் வெளியிடுகிறது. 2020-ல் பல் மருத்துவக் கல்லூரிகளும் அதில் சேர்ந்தன. எத்தனை கட்டுரை வந்தது, எத்தனை மேற்கோள் கிடைத்தது என்பதற்கு அதில் மார்க்கு உண்டு. 2022-லும் 2023-லும் பல் மருத்துவத்தில் முதலிடம் பெற்றது சவீதாதான்.

நம் ஊர்க் கலியாணத்தில் மொய் நோட்டு வைத்திருப்பார்கள். நோட்டைப் புரட்டினால் அந்தக் குடும்பத்துக்கு எத்தனை பேர் வேண்டியவர்கள் என்று தெரியும். மேற்கோள் கணக்கும் ஒரு மொய் நோட்டுத்தான். ஆனால் மொய்யில் ஒரு சங்கதி உண்டு. "அவர் நம் வீட்டில் எழுதினார், நாமும் எழுதவேண்டும்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. மேற்கோளிலும் அப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கல் உண்டு. கலியாண வீட்டுக்காரர், தம் பணத்தையே தம் கையால் நோட்டில் எழுதிக் கொண்டால்? நோட்டில் தொகை ஏறும். வீட்டில் பணம் ஏறாது.

விஞ்ஞானி தம் பழைய கட்டுரையைத் தாமே காட்டுவது பாவம் அல்ல. பத்து ஆண்டுகள் ஒரே விஷயத்தை ஆராய்கிறவர், தம் முந்தைய கட்டுரையைச் சொல்லாமல் அடுத்ததை எழுத முடியாது. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இதற்கும் ஒரு கணக்கு வந்தது. 2019-ம் ஆண்டு, உலகத்தில் அதிகமாக மேற்கோள் பெற்ற சுமார் 1 லட்சம் விஞ்ஞானிகளின் பட்டியலை அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழுவினர் வெளியிட்டார்கள். தம்மைத் தாமும், தம்மோடு சேர்ந்து எழுதியவர்களும் காட்டிய மேற்கோள் எவ்வளவு என்று பார்த்தார்கள். அந்த விஞ்ஞானிகளில் நடுவில் நிற்பவருக்கு அது 100-க்கு 12.7 தான். ஆனால் 250 பேருக்கு மேல், பாதிக்கும் மேலாக அப்படி வந்திருந்தது.

அதில் எல்லை தாண்டிய உதாரணமாக, இங்கிலாந்தின் "நேச்சர்" பத்திரிகை ஒருவரைச் சுட்டிக் காட்டியது. அவர் லண்டன்காரர் அல்ல. நியூயார்க்காரரும் அல்ல. நமது ஆவடியில் உள்ள ஒரு தனியார் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தின் பேராசிரியர்! 2017 வரை அவர் பெற்ற மேற்கோள்களில் 100-க்கு 94, அவரும் அவரோடு சேர்ந்து எழுதியவர்களும் காட்டியவை என்று அந்தப் பத்திரிகை எழுதியது.

ஆவடிக்கும் வேலப்பன்சாவடிக்கும் அதிக தூரம் இல்லை. அதற்காக, இந்த வியாதி சென்னையின் மேற்குப் பக்கத்தில் மட்டும் இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. இத்தாலி நாட்டில் 2010-ல் ஒரு சட்டம் வந்தது. பேராசிரியர் ஆகவேண்டுமானால் இத்தனை மேற்கோள் வேண்டும் என்று அதன்படி விதி செய்தார்கள். பிறகு என்ன நடந்தது? இத்தாலிய விஞ்ஞானிகள் தங்களைத் தாங்களே மேற்கோள் காட்டுவது கிடுகிடு என்று ஏறியது. 2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதைக் காட்டியது. இத்தாலியர்கள் திடீரென்று கெட்டவர்கள் ஆகிவிடவில்லை. விதி மாறியது, நடத்தையும் மாறியது.

தேடத்தான் செய்தார்கள்

வேடிக்கை என்னவென்றால், மேற்கோளை எண்ணும் ஏற்பாடு மார்க்கு போடுவதற்காகப் பிறந்ததே அல்ல.

அமெரிக்காவில் வக்கீல்களுக்கு 1873 முதல் ஒரு புத்தகம் இருந்தது. பழைய தீர்ப்பு ஒன்றை எடுத்தால், பிறகு எந்தெந்த வழக்கில் அதைச் சொன்னார்கள், அது இன்னும் செல்லுமா என்று அதில் பார்க்கலாம். "இதைப் போல விஞ்ஞானத்துக்கும் ஏன் இருக்கக் கூடாது?" என்று பிலடெல்பியாவைச் சேர்ந்த யூஜின் கார்பீல்டு யோசித்தார். 1955-ல் அந்த யோசனையை எழுதினார். 1964-ல் அவருடைய மேற்கோள் அகராதி விற்பனைக்கு வந்தது. ஒரு கட்டுரையைப் பிடித்தால், அதன் வாலைப் பிடித்து வந்த கட்டுரைகளை எல்லாம் தேடிக் கண்டுபிடிக்கலாம். அதுதான் நோக்கம்.

நம்மவர் ஒருவரும் இந்தத் துறையில் முன்னோடி. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணக்கு ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனவர். நூலக வேலைகளைக் கணக்கு முறையில் அளந்து பார்க்கவேண்டும் என்று 1948-லேயே சொன்னார். அவர் எண்ணச் சொன்னது, படிக்க வருகிறவருக்கு வசதி செய்ய. யாரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ அல்ல.

தேடுவதற்குச் செய்த கருவி, பிறகு எடை போடும் தராசாக மாறியது. 2005-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற பௌதிகப் பேராசிரியர், ஒரு விஞ்ஞானியின் வாழ்நாள் வேலையை ஒரே எண்ணில் அடக்க வழி சொன்னார். அதற்கு "ஹெச் எண்" என்று பெயர்.

கணக்கு சுலபம். ஒருவர் 5 கட்டுரை எழுதினார். ஒன்றுக்கு 50 மேற்கோள். மற்றவைகளுக்கு 8, 5, 4, 1. குறைந்தது 4 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 4 இருக்கின்றன. ஆகவே அவருடைய ஹெச் எண் 4. அந்த முதல் கட்டுரைக்கு 50-க்குப் பதில் 5,000 மேற்கோள் வந்தாலும் எண் 4 தான்! உலகத்தையே புரட்டும் ஒரு கட்டுரை எழுதினவரும், ஒப்புக்கு நாலு எழுதினவரும் இந்தத் தராசில் ஒரே எடையாக நிற்கலாம்.

இன்னொரு கோளாறும் உண்டு. ஏன் பெயரைச் சொன்னார்கள் என்று எண்ணுக்குத் தெரியாது. 1998-ல் ஆண்ட்ரூ வேக்பீல்டு என்ற இங்கிலாந்து டாக்டரும் வேறு சிலரும், தட்டம்மைக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் போடும் தடுப்பூசியால் குழந்தைகளுக்கு ஆட்டிசம் வரலாம் என்று சந்தேகம் கிளப்பி ஒரு கட்டுரை எழுதினார்கள். அது தப்பு. 2010-ல் பத்திரிகையே அதை விலக்கிக் கொண்டது. ஆனால் அந்தக் கட்டுரைக்கு மேற்கோள் ஏராளம்! "இது தவறு, நம்பாதீர்கள்" என்று எழுதியவர்களும் அதன் பெயரைச் சொல்லித்தானே எழுதவேண்டும்? திட்டினாலும் மார்க்கு, புகழ்ந்தாலும் மார்க்கு.

கிண்டியில் நடந்தது

இனி, மேற்கோள் கணக்கில் முழுதாக அகப்படாத ஒரு பெரிய வெற்றியைப் பார்க்கலாம். அதுவும் சென்னையில் நடந்ததுதான்.

1952-ம் ஆண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியர் பதவிக்கு ஆள் தேடினார்கள். துணைவேந்தர் டாக்டர் ஏ.லட்சுமணசாமி முதலியார், சர் சி.வி.ராமனை அழைத்தார். ராமன் வரவில்லை. தம் மாணவர் ஜி.என்.ராமச்சந்திரனின் பெயரைச் சொன்னார். ராமச்சந்திரனுக்கு அப்போது வயது 30 கூட நிரம்பவில்லை. துணைவேந்தர் அவரையே பேராசிரியர் ஆக்கினார்.

கிண்டியில் ராமச்சந்திரன் வேலை தொடங்கினார். தோல், எலும்பு, தசைநார் ஆகியவற்றுக்கு உறுதி கொடுக்கும் கொலாஜன் என்ற புரதம் எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது? உலகத்துக்கு அது புதிராக இருந்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் விடை சொன்னார்கள். மூன்று இழை சேர்த்து முறுக்கிய கயிறு போல அது இருக்கிறது என்றார்கள். பல்லைத் தாங்கும் ஈறிலும் எலும்பிலும் இருப்பது இதே கொலாஜன்தான்.

1963-ல் ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் ஒரு படம் வெளியிட்டார்கள். ஒரு புரதத்தின் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்க முடியும், எதில் மடங்க முடியாது என்று காட்டும் படம். உலகம் அதற்கு "ராமச்சந்திரன் படம்" என்று பெயர் வைத்தது. இன்று உலகத்தில் எந்த ஆராய்ச்சிச் சாலையில் ஒரு புரதத்தின் உருவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று இந்தப் படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கல்லூரிப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

இதைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாரும் 1963-ம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறார்களா? இல்லை! "ராமச்சந்திரன் படத்தில் பார்த்தோம், சரியாக இருந்தது" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். எல்லாருக்கும் தெரிந்த விஷயத்துக்கு யார் சாட்சி சொல்வார்கள்? பூமி உருண்டை என்று எழுதுகிறவர் அடியில் யார் பெயரைப் போடுகிறார்? விஞ்ஞானிக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. ஆனால் இப்படிப் பெயர் போடாமல் பயன்படுத்துவது எண்ணிக்கை நோட்டில் ஏறாது.

காலமும் ஒரு பிரச்னை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.சந்திரசேகர், 1930-ல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, இறக்கும் நட்சத்திரங்களைப் பற்றிக் கணக்குப் போட்டார். 1935-ல் லண்டனில் அதை விளக்கினார். அதே மேடையில் எடிங்டன் என்ற மேதை அதைக் கேலி செய்தார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது 1983-ல். நடுவில் எத்தனை ஆண்டு! ஆண்டுக்கு ஆண்டு மார்க்கு போட்டுப் பதவி கொடுக்கும் தராசு அவருக்கு 1936-ல் என்ன எடை காட்டியிருக்கும்?

சிபாரிசா, எண்ணா?

அப்படியானால் எண்ணிக்கையே வேண்டாமா? ராமன் சொன்னார், ராமச்சந்திரன் வந்தார் என்பது போல, பெரியவர்கள் கைகாட்டுகிறவர்களுக்கே வேலை கொடுக்கலாமா?

ராமன் கைகாட்டியது ராமச்சந்திரனை. எல்லாரும் ராமன் அல்ல. மைத்துனரைக் கைகாட்டுகிறவர்களும் உண்டு; சொந்த சாதிக்காரரைக் கைகாட்டுகிறவர்களும் உண்டு. சிபாரிசுக்கு ஆள் இல்லாத ஏழை வீட்டுப் பிள்ளை, "என் கட்டுரையை ஜப்பானிலும் ஜெர்மனியிலும் 200 பேர் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள், பாருங்கள்" என்று சொல்ல முடிகிறது அல்லவா? அந்த 200 அவனுக்குக் கேடயம். மேற்கோள் எண்ணிக்கையைக் குப்பையில் போடச் சொல்கிறவர்கள், இந்தப் பிள்ளையை நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆகவே எண்ணிக்கை இருக்கட்டும். எங்கிருந்து வந்த எண்ணிக்கை என்று சொல்லவேண்டும். 1,000 மேற்கோள் என்றால், அதில் தாம் காட்டியது எவ்வளவு, தம் கல்லூரிக்காரர்கள் காட்டியது எவ்வளவு, முகம் தெரியாதவர்கள் காட்டியது எவ்வளவு? கம்ப்யூட்டரைக் கேட்டால் ஒரு நொடியில் பிரித்துக் கொடுக்கும். ஒருவர் தம்மையே காட்டியதை மட்டும் கழித்தால் போதாது. பக்கத்து அறைக்காரரை அவரும், அவரை இவரும் காட்டுவது அதில் அகப்படாது. இந்த மூன்று கணக்கையும் தனித்தனியாக, தரவரிசைப் பட்டியலிலேயே எல்லாருக்கும் புரியும்படி அச்சடிக்கவேண்டும்.

சீன அரசு 2020-ல், கட்டுரைக்கு இவ்வளவு என்று ரொக்கப் பரிசு கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு, டாக்டர் பட்டத்துக்கு முன் கட்டுரை அச்சாகியே தீரவேண்டும் என்ற கட்டாயத்தை 2022-ல் எடுத்தது. தேசியத் தரவரிசைப் பட்டியலிலும் 2025-ல் ஒரு மாற்றம் வந்தது. தவறு என்று விலக்கப்பட்ட கட்டுரைகளுக்கு, முதல் தடவையாக மார்க்கைக் குறைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் விலக்கப்படாமல், படிக்கப்படாமல், எண்ணிக்கைக்கு மட்டும் உதவும் கட்டுரைகளை அது தொடாது.

பரீட்சைக் கூடத்தில் உட்காரும் மாணவர்களைக் குறை சொல்வது அநியாயம். எழுதச் சொன்னார்கள், எழுதினார்கள். நாளைக்கு அவர்கள் பல் டாக்டர்கள். வலியோடு நாற்காலியில் சாய்கிறவருக்கு வேண்டியது, கடைவாய்ப் பல்லை நோகாமல் எடுக்கும் கை. அந்தக் கை எத்தனை நோயாளிகளைப் பார்த்துப் பழகியது என்பதை மேற்கோள் எண்ணிக்கை சொல்லாது.

பிள்ளையைச் சேர்க்க லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கொண்டு வரும் பெற்றோர்கள், "எங்களுக்கு முதலிடம்" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் மயங்கி விடுகிறார்கள். வேலப்பன்சாவடியோ வேறு ஊரோ, எந்தக் கல்லூரியானாலும், அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. நாலாம் ஆண்டு மாணவர் ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறார்? பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர் யார்? பிறகு, அந்தக் கல்லூரி மாணவர் எழுதி அச்சான கட்டுரை ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்லலாம். எழுதிய மாணவரையே அழைத்து, "இதில் என்ன கண்டுபிடித்தாய், தம்பி? தமிழில் சொல்" என்று கேட்கலாம். உண்மையில் ஆராய்ந்தவர் ஐந்து நிமிடத்தில் சொல்லி விடுவார்.